படியும் புள்ளியும்: அகவிலைப்படி வந்த வழி

தமிழில் 'படி' என்பது முகத்தலளவையின் பெயர். ஒருவரது பிழைப்புக்காக நாள்தோறும் அளந்து தரப்படும் தானியத்துக்கும், பிற்காலத்தில் அந்தத் தானியத்துக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட காசுக்கும் அதே சொல்லே வழங்கியது. கடவுளையோ முதலாளியையோ 'படியளப்பவர்' என்று சொல்லும் வழக்கு, கூலி என்பது முதலில் வயிற்றுக்கான அளவையாக இருந்த காலத்தின் எச்சம். 'அகவிலை' என்ற சொல்லும் இதே நிலத்தில் விளைந்தது. இன்று அரசாணைகளில் மட்டுமே புழங்கும் இச்சொல் பழைய அகராதிகளில் தானியத்தின் விலையைக் குறிக்கிறது. ஆகவே 'அகவிலைப்படி' என்று எழுதும்போது, தானிய விலை ஏறியதற்காக அளந்து தரப்படும் கூடுதல் படி என்ற முழு வரலாறும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. ஆலைத் தொழிலாளர்கள் இதையே 'பஞ்சப்படி' என்றனர். மில் ஊர்களில் இன்றும் வழங்கும் அந்தப் பெயர், இந்தத் தொகை எந்தச் சூழலில் பிறந்தது என்பதை அரசுப் பெயரைவிட வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆங்கில ஆட்சியில் சிப்பாய்களுக்கும், காவலர், கீழ்நிலைப் பணியாளர் போன்ற குறைந்த சம்பளக்காரர்களுக்கும், உணவு தானியத்தின் விலை ஒரு வரம்பைத் தாண்டும் மாதங்களில் மட்டும் ஈட்டுத்தொகை தரும் வழக்கம் இருந்தது. விலை இறங்கியதும் தொகை நின்றுவிடும்; சம்பளம் பழைய நிலையிலேயே இருக்கும். தானிய விலைக்கும் கூலிக்கும் இடையே இருந்த இந்த உறவு எவ்வளவு கொடிய முகம் கொள்ளக்கூடும் என்பதை 1876-78-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் மதராஸ் மாகாணம் கண்டது. இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைத்தளங்களில் உழைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்கு மேல் அரையணாவும் போதும் என்று விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், அந்த அளவில் உழைக்கும் உடல் கரைந்துபோகும் என்று எழுத்து மூலம் எதிர்த்தார். 1877-ஆம் ஆண்டிலேயே மதராஸ் அரசு அளவை மீண்டும் உயர்த்த வேண்டியதாயிற்று. அந்த நிவாரணக் கூலி அரசு ஊழியர் சம்பளம் அன்று. ஆயினும், விலை ஏறினால் கூலிக் காசும் ஏற வேண்டும் என்ற கொள்கையை ஓர் அரசு ஏற்ற பிறகும், எத்தனை பவுண்டு தானியத்தைக் கணக்கில் கொள்வது என்ற கேள்வியே உயிரைத் தீர்மானிக்கிறது என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது. அகவிலைப்படியின் பிற்கால வரலாறு முழுவதும் அந்தக் கேள்வி வேறு வேறு உடைகளில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

முதல் உலகப் போரின்போது விலைகள் ஏறியதும் பம்பாய்ப் பஞ்சாலைகள் 'போர்க்கால போனஸ்' என்ற பெயரில் கூடுதல் தொகை வழங்கத் தொடங்கின. அகமதாபாத்தில் 1917-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலை முதலாளிகள் கூலியில் பாதிக்கும் மேற்பட்ட தொகையைப் படியாகத் தந்தனர். நோய் தணிந்தபின் அதை நிறுத்தியபோது, விலைவாசியோ தணியாமலிருந்தது. தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்க, முதலாளிகள் 20 விழுக்காட்டில் நிற்க, காந்தி விலை நிலவரத்தை ஆராய்ந்து 35 விழுக்காடே நியாயம் என்று வகுத்தார். 1918 மார்ச்சில் அவர் உண்ணாநோன்பிருந்த பின் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வழக்கு நடுவர் தீர்ப்புக்குச் சென்று, இறுதியில் அந்த 35 விழுக்காடே கிடைத்தது. அப்போராட்டத்தின் அறவழிப் பக்கம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. விலையேற்றத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ற கூலி உயர்வை எண்ணாகச் சொல்ல முடியும் என்ற எண்ணம் அங்கே செயற்பட்டதும் அதே அளவு நினைவுகூரத்தக்கது.

அந்த எண்ணத்துக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. விலைவாசிக் குறியீட்டெண் என்பது, ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பம் அடிப்படை ஆண்டொன்றில் வாங்கிய பொருள்களையும் சேவைகளையும் ஒரு கூடையாகக் கொண்டு, அந்தக் கூடையின் அன்றைய விலையை 100 என்று வைத்து, அதே கூடைக்கு இன்று என்ன விலை என்பதைச் சொல்லும் எண். ஒவ்வொரு பொருளும் குடும்பச் செலவில் எவ்வளவு பங்கு வகிக்கிறதோ அதற்கேற்ற எடை அதற்குத் தரப்படும். இதற்குக் குடும்பங்களின் வரவுசெலவை வீடு வீடாகக் கேட்டறிய வேண்டும். பம்பாய் மாகாணத்தில் 1921-இல் தொழிலாளர் அலுவலகம் நிறுவப்பட்டு இப்பணி தொடங்கியது. மதராஸ் நகரத்தில் 1935-36-இல் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவு ஆராயப்பட்டு, 1936 ஜூனுடன் முடிந்த ஆண்டை அடிப்படையாகக் கொண்ட குறியீட்டெண் உருவாயிற்று. அந்த எண் 100-ஐத் தாண்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் மாதம் 3 அணா என்ற கணக்கு, தென்னிந்தியப் பஞ்சாலைகளின் பஞ்சப்படியில் நெடுங்காலம் வழங்கியது. 'புள்ளி ஏறியிருக்கிறதா' என்று தொழிலாளர் கேட்டறியும் வழக்கம், கணிதம் படிக்காதவர்களிடமும் ஒரு புள்ளியியல் கருத்து எப்படி வேரூன்றியது என்பதற்குச் சான்று.

அரசு ஊழியர் விஷயத்தில் இந்தத் தெளிவு தாமதமாகவே வந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ரயில்வே ஊழியர்கள் படி கேட்டனர். அதை ஆராய 1940-இல் நீதிபதி பெனகல் நரசிங்க ராவ் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் அமைந்தது. பின்னாளில் அரசியல் நிர்ணய சபைக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர் இவரே. நாடெங்கும் நம்பத்தக்க வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்கள் இல்லாமல் படியை நியாயமாகத் தீர்மானிக்க முடியாது என்பதை அம்மன்றம் உணர்த்தியது. அதன் விளைவாகவே பல நகரங்களில் குடும்ப வரவுசெலவு ஆய்வுகள் நடந்து, 1944-ஐ 100-ஆகக் கொண்ட எண்கள் தொகுக்கப்பட்டன. 1946-இல் சிம்லாவில் தொழிலாளர் செயலகம் நிறுவப்பட்டபோது அப்பணி அதனிடம் சேர்ந்தது. போர்க் காலத்தில் அரசு வழங்கிய தொகைக்கு முதலில் உணவு விலையேற்றப் படி என்றே பெயர். 1947-இல் துணிவிலை ஏற்றத்துக்காகத் தனியே ஒரு படியும் சேர்ந்தது. ரயில்வே நிர்வாகங்களோ தானியக் கடைகளை நடத்தி, அரிசி, கோதுமை, பருப்பு முதலியவற்றைச் சலுகை விலையில் ஊழியருக்கு விற்றன. காசின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்த அந்த ஆண்டுகளில், கூலி மறுபடியும் தானியமாக அளக்கப்பட்டது.

விடுதலைக்குச் சற்று முன் அமைந்த முதல் மத்திய ஊதியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், மதராஸ் வழக்கறிஞராகத் தொடங்கிக் கூட்டாட்சி நீதிமன்றம் வரை உயர்ந்த சர் சீனிவாச வரதாச்சாரியார். 1947 மே மாதம் அளித்த அறிக்கையில் அக்குழு, கடைநிலை ஊழியருக்கு 30 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் 25 ரூபாய் அகவிலைப்படியுமாக 55 ரூபாயைக் குறைந்தபட்சமாக வகுத்தது. இந்தப் பிரிப்பின் பின்னே ஒரு நம்பிக்கை இருந்தது. போருக்கு முந்திய விலையை 100 என்று கொண்டால் விலைவாசி 160-க்கும் 175-க்கும் இடையே நிலைகொள்ளும் என்று குழு கருதி, அந்த நிலைக்கேற்பச் சம்பளத்தை அமைத்து, அதற்கு மேல் உள்ள விலையை மட்டும் தற்காலிகப் படியால் ஈடுகட்டியது. விலை இறங்க இறங்கப் படியும் குறைந்து மறையும் என்பதே திட்டம். விலை இறங்கவில்லை. ஓய்வூதியமும் பிற பயன்களும் அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே வைத்துக் கணக்கிடப்பட்டதால், 'தற்காலிகம்' என்ற அந்த ஒரு சொல் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் முதுமையைச் சுருக்கியது என்றே சொல்ல வேண்டும். 1952-இல் காட்கில் குழு படியின் பாதியை 'அகவிலை ஊதியம்' என்று சம்பளத்தோடு சேர்க்கப் பரிந்துரைத்தபோது, போன விலை திரும்பாது என்பது அரசுத் தாள்களில் முதன்முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதற்கிடையே, கூடைக்குள் என்ன இருக்க வேண்டும் என்ற பழைய கேள்வி 1957 ஜூலையில் கூடிய 15-ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் எழுந்தது. தேவை அடிப்படையிலான குறைந்தபட்சக் கூலிக்கு அங்கே ஒரு வாய்பாடு ஏற்கப்பட்டது: உழைப்பவரின் குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொண்டு, அலகுக்கு 2,700 கலோரி உணவு, நால்வருக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை தனியே, விளக்கு, எரிபொருள் முதலியவற்றுக்கு மொத்தக் கூலியில் 20 விழுக்காடு என்பது அதன் சாரம். இந்தக் கலோரிக் கணக்கு வாலஸ் அய்க்ராய்டு என்ற ஊட்டச்சத்து அறிஞருடையது. அவர் 1935 முதல் நீலகிரியில் உள்ள குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்து இந்திய உணவுகளை ஆராய்ந்தவர். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை விசாரித்த குழுவிலும் உறுப்பினராக இருந்தவர். ஆண் ஒரு முழு அலகு, மனைவி 0.8, இரு குழந்தைகள் தலா 0.6 என்று பகுக்கும் அக்கணக்கில், வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் பசி குறைத்து மதிக்கப்பட்டிருப்பதை இன்று வாசிப்பவர் கவனியாமல் இருக்க முடியாது. எனினும், கூலியைச் சந்தையின் தயவில் விடாமல் உடலின் தேவையிலிருந்து தொடங்கிய துணிவு அதற்கு உண்டு.

1959-இல் அறிக்கை தந்த ஜகந்நாத தாஸ் தலைமையிலான இரண்டாம் ஊதியக் குழு அந்த வாய்பாட்டை ஏற்காமல், 80 ரூபாயைக் குறைந்தபட்சமாக வைத்தது. படியைக் குறியீட்டெண்ணோடு தானாக நகரும்படி பிணைக்கவும் இல்லை. 1960 ஜூலை 11 நள்ளிரவில் தொடங்கி ஐந்து நாள் நடந்த மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகள் இவ்விரண்டுமே. அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து அதை அடக்கியது. 1968 செப்டம்பர் 19-இல் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்திலும் இதே கோரிக்கைகள் எழுந்தன. பலர் சிறைப்பட்டனர், பணியிழந்தனர், சிலர் உயிரிழந்தனர். இன்று ஆண்டுக்கு இருமுறை இயல்பாக வெளியாகும் அரசாணையின் அடியில் இந்தப் பெயர் தெரியாதவர்களின் இழப்பு கிடக்கிறது.

இக்கட்டத்தில் 'ஈடுகட்டும் விகிதம்' என்ற கருத்தை விளக்க வேண்டும். விலை 10 விழுக்காடு ஏறினால் படியும் சம்பளத்தில் 10 விழுக்காடு ஏறுவது முழு ஈடு. 7 விழுக்காடே ஏறினால் 70 விழுக்காடு ஈடு. 1967-இல் முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான அகவிலைப்படி ஆணையமும், 1973-இல் ரகுபீர் தயாள் தலைமையிலான மூன்றாம் ஊதியக் குழுவும் கடைநிலையினருக்கு மிகுதியான ஈடும் மேல்நிலையினருக்குக் குறைந்த ஈடும் தரும் படிநிலைகளை அமைத்தன. 1960-ஐ 100-ஆகக் கொண்ட எண்ணின் பன்னிரு மாத சராசரி, 200-க்கு மேல் 8 புள்ளி ஏறும்போதெல்லாம் ஒரு தவணை என்பது மூன்றாம் குழுவின் முறை. ஆனால் அடுத்த ஆண்டே விலைவாசி கட்டுக்கு அடங்காமல் போக, 1974-இல் நாடாளுமன்றம் இயற்றிய கட்டாய வைப்புச் சட்டம், கூடுதலாகக் கிடைத்த அகவிலைப்படியில் பாதியை ஊழியர் கையில் தராமல் வைப்பாகப் பிடித்துப் பின்னர் வட்டியுடன் தவணைகளில் திருப்பித் தர வகைசெய்தது. பணவீக்கத்தைத் தணிக்க ஊழியரின் வாங்கும் திறனைக் குறைப்பது என்ற அம்முறை, விலையேற்றத்தின் சுமையை அதனால் வாடியவர்களிடமே திருப்பிவிட்டது. அதற்குப் பொருளாதார நியாயம் கற்பித்தவர்கள் கீழ்நிலை ஊழியரின் மாதக் கடைசியை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எண் சரியாக இருந்தால்தான் படி சரியாக இருக்கும் என்பது 1963-இல் பம்பாயில் வெடித்த சர்ச்சையில் தெரிந்தது. கடைத்தெருவில் விலை ஏறிக்கொண்டிருக்க, குறியீட்டெண் அசையாதிருப்பதைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மாநில அரசு பொருளியலறிஞர் லக்டாவாலா தலைமையில் வல்லுநர் குழு அமைக்க, அது குறியீட்டெண்ணில் குறைகள் இருப்பதைக் கண்டு திருத்தங்களைக் கூறியது. அன்று முதல், பழைய தொடரிலிருந்து புதிய தொடருக்கு மாறும்போதெல்லாம் 'இணைப்புக் காரணி' எனப்படும் பெருக்கெண் ஊழியர் சங்கங்களின் கூர்ந்த ஆய்வுக்கு உள்ளாகிறது. 1960-ஆம் ஆண்டுத் தொடரிலிருந்து 1982-க்கு 4.93, அதிலிருந்து 2001-க்கு 4.63, அதிலிருந்து 2016-க்கு 2.88 என்பவை அக்காரணிகள். இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், 1960-இல் 100 ரூபாய்க்குக் கிடைத்த கூடை 2023-இல் ஏறத்தாழ 8,967 ரூபாய் ஆகிவிட்டிருந்ததை அறியலாம்.

இப்போதுள்ள முறையின் வடிவம் 1986-இல் நான்காம் ஊதியக் குழு தந்தது. எத்தனை புள்ளி ஏறியது என்று காத்திராமல், ஜனவரி 1, ஜூலை 1 என்று ஆண்டில் இரு நாள்களைக் குறித்து, அதுவரையிலான பன்னிரு மாத சராசரியைக் கொண்டு படியைத் திருத்துவது என அது விதித்தது. 3,500 ரூபாய் வரை சம்பளம் பெறுவோருக்கு முழு ஈடும், அதற்கு மேல் 75, 65 விழுக்காடுகளும் கிடைத்தன. எல்லா நிலையினருக்கும் ஒரே முழு ஈடு என்ற நிலை, தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான ஐந்தாம் குழுவின் 1997-ஆம் ஆண்டு அறிக்கையால் வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் வரதாச்சாரியார் குழு விலை இறங்குமென்று காத்திருந்தது. ஐந்தாம் குழுவோ விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதை அடிப்படையாகவே கொண்டது.

ஏழாம் ஊதியக் குழுவின்படி இன்று கணக்கு இவ்வாறு நடக்கிறது. 2001-ஐ 100-ஆகக் கொண்ட தொடரில், 2015-ஆம் ஆண்டின் சராசரியான 261.42 தொடக்கப் புள்ளி. அந்த விலைநிலைக்குரிய ஈடு 18,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. 2023 ஜனவரி முதல் டிசம்பர் வரை 2016 தொடரின் சராசரி 136.4. அதை 2.88-ஆல் பெருக்கினால் 392.83; அதிலிருந்து 261.42-ஐக் கழித்தால் 131.41, இதை 261.42-ஆல் வகுத்து நூறால் பெருக்க 50.27 வருகிறது. பின்னம் விடப்படுமாதலால் 2024 ஜனவரியில் படி 50 விழுக்காடு ஆயிற்று. 18,000 ரூபாய் வாங்குபவருக்கு 9,000 ரூபாய். 2023 ஜூனில் 136.4 ஆக இருந்த எண் ஜூலையில் 139.7 ஆகத் தாவியது. நாடெங்கும் தக்காளி விலை எட்டாத உயரத்துக்குப் போன மாதம் அது. ஆனால் பன்னிரு மாத சராசரியில் அத்தாவல் கரைந்து, மறு ஆண்டில்தான் சம்பளத்தில் சிறு சுவடாகத் தெரிந்தது. கணக்கு முறையின் இந்தப் பொறுமை கருவூலத்துக்கு வசதி. சந்தைக்குப் பையுடன் போகிறவருக்கு அது எப்போதும் பின்தங்கிய ஈடு. ஓய்வூதியருக்கு இதே விழுக்காடு 'அகவிலை நிவாரணம்' என்ற பெயரில் சேர்கிறது. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்கள் மத்திய அரசின் விகிதத்தையே தத்தம் ஊழியருக்கும் ஆணையிடுகின்றன.

கணக்கு எவ்வளவு துல்லியமானாலும் கொடுப்பதும் நிறுத்துவதும் அரசின் கையில் இருப்பதை 2020 காட்டியது. கொரோனா பரவிய ஏப்ரல் மாதத்தில், 2020 ஜனவரி, ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகளையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. தமிழ்நாடு அரசும் அதே வழியில் சென்றது. 17 விழுக்காட்டில் நின்ற மத்திய அரசின் படி 2021 ஜூலையில் 28 ஆக உயர்ந்தபோதும், இடைப்பட்ட 18 மாதங்களுக்கான நிலுவை தரப்படவில்லை. 34,402 கோடி ரூபாய் மிச்சமானதாக மத்திய நிதியமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்த அத்தொகை, விலையேற்றம் ஏற்கெனவே ஊழியர் வீடுகளிலிருந்து எடுத்துக்கொண்டதற்கு ஈடாக வந்திருக்க வேண்டியது.

இறுதியாக, யாருடைய கூடை இது என்ற கேள்வி. அரசு ஊழியரின் படியைத் தீர்மானிக்கும் எண், ஆலை, சுரங்கம், தோட்டம், ரயில்வே, மோட்டார்ப் போக்குவரத்து, மின்சாரம், துறைமுகம் ஆகிய ஏழு துறைத் தொழிலாளர் குடும்பங்களின் செலவைக் கொண்டு, 88 மையங்களின் விலைகளிலிருந்து தொகுக்கப்படுகிறது. அரசு ஊழியருக்கென்றே தனி எண் உருவாக்குவதை ஆராயலாம் என்று ஆறாம் ஊதியக் குழு சொன்னது நடைமுறைக்கு வரவில்லை. 2001 தொடரில் 46.2 ஆக இருந்த உணவின் எடை 2016 தொடரில் 39.17 ஆகக் குறைந்து, கல்வி, மருத்துவம், போக்குவரத்து போன்ற செலவுகளின் எடை கூடியிருக்கிறது. அகவிலை என்ற சொல் தானியத்தைவிட்டு நகர்ந்துகொண்டிருப்பதன் அடையாளம் இது. சென்னை, கோவை, மதுரை, சேலம் ஆகியவற்றோடு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் குன்னூரும் அம்மையங்களுள் ஒன்று. அய்க்ராய்டு உணவின் கலோரியை எண்ணிய அதே மலையூரில், குறித்த நாளில் குறித்த கடைகளுக்குச் சென்று அரிசி, பருப்பு, எண்ணெய் விலைகளைக் கேட்டுப் பதிவுசெய்யும் வேலை இன்றும் நடக்கிறது. நாடெங்கும் உள்ள ஊழியருக்கு எத்தனை விழுக்காடு என்பதில் அந்தக் கடைகள் சொல்லும் விலைக்கும் ஒரு பங்கு உண்டு.